செங்கல்பட்டைத் தாண்டிப் போன கோடு

கூடுவாஞ்சேரியில் ஏறி செங்கல்பட்டில் இறங்குகிற லோக்கல் டிரெயின் பயணத்தில், யாரும் கவனிக்காத ஒரு எல்லை வருகிறது. பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர் எல்லாம் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கமாக வண்டி வரும்போது 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கடக்கிறோம். அங்கே போர்டு கிடையாது, கல் கிடையாது. ஆனால் இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களை வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும். கூடுவாஞ்சேரி இருப்பது 66 டி/1 என்ற தாளில். செங்கல்பட்டு இருப்பது 57 பி/14ல். நடுவே அந்த 80. கோட்டுக்குக் கிழக்கே எல்லாம் 66, மேற்கே எல்லாம் 57. இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு தாளை ஒட்டித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கோட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று எண்ணமே இல்லை. நான் எழுத நினைத்தது ஏரிகளைப் பற்றி. அதற்காகப் போட்ட ஒரு படத்தில் கட்டக்கோடுகள் சரியாக விழவில்லை என்று நோண்ட ஆரம்பித்தேன். அது இழுத்துக்கொண்டு போய் நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூண் ஒன்றின் முன்னால் நிறுத்தியது. அந்தக் கதைதான் இது.

ஒரு சின்ன ஏற்பாடு. கோணத்தைச் சொல்லும்போது பாகை, கலை, விகலை என்றே எழுதுகிறேன். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. நிமிடம், வினாடி என்று எழுதினால் கொஞ்ச நேரத்தில் கடிகாரமும் உள்ளே வரும், அப்போது குழப்பம்.

படத்தில் என்ன கோளாறு?

19ஆம் நூற்றாண்டு வரைபடத் தாள் ஒன்றின் ஸ்கேன் கையில் இருந்தது. அதிலிருந்து நம்ம பக்கத்து ஏரிகள் சிலவற்றின் இடத்தை அளந்து எடுத்தேன். செங்கல்பட்டு கொளவாய், மதுராந்தகம், மணிமங்கலம், இன்னும் இரண்டு மூன்று. அவற்றைப் பைத்தானில் மேட்பிளாட்லிப் வைத்து, இன்றைய ஜிபிஎஸ் இடங்களோடு ஒரே படத்தில் போட்டேன். படத்தின் எல்லை: இடது ஓரம் 79.75, வலது ஓரம் 80.25, கீழே 12.5, மேலே 13. இந்தச் சதுரத்துக்குள் உத்திரமேரூரிலிருந்து கோவளம் கடற்கரை வரை அடங்கிவிடும்.

பழைய புள்ளிகள் புதிய புள்ளிகளோடு பொருந்தவில்லை. எல்லாம் கொஞ்சம் கிழக்கே தள்ளி விழுந்தன. பார்த்தால் 0.04 பாகை சொச்சம். கையால் அளந்ததில் வந்த பிசகு என்று நினைத்தேன். பழைய சர்வே அவ்வளவுதான் போல என்றும் நினைத்தேன். இரண்டுமே தப்பு.

தப்பைக் காட்டிக்கொடுத்தது படத்தின் டிக் மார்க்குகள்தான். அச்சில் சின்னச் சின்னதாகக் கீறிய அளவுக் கோடுகள் இருக்குமே, அவை. மென்பொருள் தானாகப் போட்ட டிக்குகள் 79.8, 79.9, 80.0, 80.1, 80.2 என்று விழுந்திருந்தன. ஆனால் என் பழைய தாளின் ஓரத்தில் இருந்த டிக்குகள் ஐந்து ஐந்து கலைக்கு ஒன்று. 0.1 பாகை என்றால் 6 கலை. அதாவது தாள் ஐந்து ஐந்தாக எண்ணுகிறது, என் படம் ஆறு ஆறாக எண்ணுகிறது. அது போதாதென்று, படத்தின் இரண்டு ஓரங்களான 79.75, 80.25 ஆகியவற்றில் டிக்கே இல்லை. நில அளவைத் துறைக்கு அந்த ஓரங்கள்தான் தாளின் எல்லை. 15 கலைக்கு ஒரு தாள், 15 கலை என்றால் கால் பாகை.

கம்ப்யூட்டருக்கு ஏன் 1, 2, 5 மட்டும் பிடிக்கிறது?

வரைபட மென்பொருள் எதுவாக இருந்தாலும் டிக் போடுகிற முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். தரவின் வீச்சை எடுத்துக்கொள்ளும். இத்தனை டிக் வந்தால் போதும் என்ற எண்ணிக்கையால் வகுக்கும். வருகிற விடையை 'அழகான' ஒரு எண்ணுக்குத் தள்ளும். அழகான எண் எது? 1, 2, 5, பிறகு அவற்றைப் பத்தால் பெருக்கியோ வகுத்தோ வருவது: 0.1, 0.2, 0.5, 10, 20, 50 இப்படி. சில மென்பொருள்கள் 2.5ஐயும் சேர்த்துக்கொள்ளும்.

காரணம் எளிது. 1, 2, 5 மூன்றும் பத்தை மீதியின்றி வகுப்பவை. இரண்டு டிக்குக்கு நடுவில் விழுகிற புள்ளியைக் கண்ணாலேயே மதிப்பிட நமக்குப் பத்தின் பழக்கம் கைகொடுக்கிறது. 3, 6, 9, 12 என்று டிக் போட்டால் நடுவில் இருப்பது என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

காகிதத்தில் வரைந்த காலத்தில் இந்த முடிவை வரைகிறவரே எடுத்தார். 1786ல் வில்லியம் பிளேஃபேர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோட்டுப் படங்களாக வெளியிட்டபோது, எந்த இடத்தில் கோடு, எந்தக் கோடு தடிமன் என்பதெல்லாம் செப்புத் தகட்டில் கையால் கீறியதுதான். நம்ம பள்ளிக்கூட கிராஃப் நோட்டிலும் பாதி முடிவு நம்முடையது. 'ஸ்கேல்: எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 5 அலகு' என்று வலது மூலையில் எழுதாவிட்டால் டீச்சர் மார்க்கைக் குறைப்பார். அந்த ஒரு வரியை எழுதும்போதே, அளவை நாம் தேர்ந்தெடுத்தோம் என்பது மனதில் பதிந்துவிடும்.

கம்ப்யூட்டர் வரைய ஆரம்பித்ததும் அந்த வரி காணாமல் போனது. அளவை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி நிரல் எழுதுபவர்கள் தலையில் விழுந்தது. 1965லேயே டிக்ஸனும் குரோன்மலும் இதற்கென்று ஒரு கட்டுரை எழுதினார்கள். 1973ல் லெவார்ட் என்பவரின் அளவு தேரும் நிரல் அச்சில் வந்தது. 1990ல் பால் ஹெக்பர்ட் 'அழகான எண்கள்' பற்றி எழுதிய இரண்டு மூன்று பக்கக் குறிப்பு பெயர் பெற்றது, அந்த மாதிரிச் சின்ன நிரலை இன்னமும் பல இடங்களில் பார்க்கலாம். ஆர் மொழியில் இந்த வேலையைச் செய்கிற ஃபங்ஷனின் பெயரே 'ப்ரெட்டி'. 1986ல் வந்த நூப்ளாட் ஆகட்டும், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காக ஜான் ஹன்டர் எழுதத் தொடங்கி 2003ல் வெளியிட்ட மேட்பிளாட்லிப் ஆகட்டும், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இதே வழியில்தான் போகும்.

நூற்றுக்குத் தொண்ணூறு தடவை இது சரியாகவே வரும். மீதிப் பத்து தடவை, நாம் வரைகிற பொருளுக்கே சொந்தமான ஒரு அளவு இருக்கும், அது பத்தில் அடங்காது. பாகை அப்படி ஒன்று. அறுபதை அடிப்படையாகக் கொண்டது. 5 கலை என்பது 0.08333… என்று முடிவில்லாமல் போகும் தசமம். எந்த 'அழகான' பட்டியலிலும் அது வரவே வராது.

டிக்கை மாற்றியதும் தெரிந்தது

சரி, நானே போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். மேட்பிளாட்லிப்பில் 'மல்டிபிள்லொகேட்டர்' என்று ஒன்று இருக்கிறது. 0.25 என்று கொடுத்தால் கால் பாகைக்கு ஒரு பெரிய டிக். 'ஆட்டோமைனர்லொகேட்டர்' 3 என்றால் அதை மூன்றாகப் பிரித்து 5 கலைக்கு ஒரு சின்ன டிக். பெரியதற்குத் தடித்த கோடு, சின்னதற்கு மெல்லிய சாம்பல் கோடு. நூப்ளாட் வைத்திருப்பவர்கள் 'செட் எக்ஸ்டிக்ஸ் 79.75, 0.25, 80.25', 'செட் எம்எக்ஸ்டிக்ஸ் 3', பிறகு 'செட் கிரிட் எக்ஸ்டிக்ஸ் எம்எக்ஸ்டிக்ஸ்' என்று அடித்தால் அதே வேலை. (நூப்ளாட்டில் 5 கலையை 1/12 என்று எழுதிவிடாதீர்கள். முழு எண் வகுத்தல் செய்து பூஜ்யம் என்று சொல்லும். 1.0/12 என்று எழுத வேண்டும். நான் அதிலேயே கால் மணி நேரம் தொலைத்தேன்.)

இப்போது படம் என் பழைய தாளின் கட்டங்களையே அணிந்துகொண்டது. பார்த்த உடனே பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு பழைய புள்ளியும் புதிய புள்ளியிலிருந்து சரியாக அரைக் கட்டம் கிழக்கே. கொளவாய்க்கும் அரைக் கட்டம், மதுராந்தகத்துக்கும் அரைக் கட்டம், மணிமங்கலத்துக்கும் அரைக் கட்டம். வடக்கு தெற்கில் விலகலே இல்லை.

கை நடுங்கி வந்த பிசகு இப்படி வரிசையாக வராது. சர்வே மோசம் என்றால் ஒவ்வொரு ஏரியும் ஒவ்வொரு பக்கம் போயிருக்கும். ஏரிகள் ஒன்றுக்கொன்று சரியான இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் போர்த்தியிருக்கிற கட்டம்தான் மொத்தமாக இரண்டரைக் கலை நகர்ந்திருக்கிறது. நம் அட்சரேகையில் ஒரு கலை சுமார் 1.8 கி.மீ. இரண்டரைக் கலை என்றால் நாலரை கி.மீ.!

0.04 என்ற எண்ணாகப் பார்த்தபோது அது வெறும் பிசகு. அரைக் கட்டமாகப் பார்த்ததும் அதற்குக் காரணம் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

நுங்கம்பாக்கத்துத் தூண்

விடை தாளின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் இருந்தது. அந்தக் காலத் தாள்கள் பலவற்றில் இப்படி ஒரு குறிப்பு இருக்கும். தீர்க்கரேகைகள் கிரீன்விச்சிலிருந்து எண்ணப்பட்டவை. சென்னை வானாய்வகத்தை 80 பாகை 17 கலை 21 விகலை என்று கொண்டு கணக்கிட்டவை.

சென்னை வானாய்வகம் 1792ல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்டது. அங்கே கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு அதில் உண்டு. தென்னிந்தியாவின் தீர்க்கரேகைகளுக்கு அதுதான் முளைக்குச்சி. மற்ற ஊர்கள் எல்லாம் அதற்கு எவ்வளவு கிழக்கு, எவ்வளவு மேற்கு என்றுதான் முதலில் கணக்கு.

அந்த 'எவ்வளவு' என்பதை அளந்த விதம் அசாத்தியமானது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே தொடங்கி பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல் நீளத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அந்த அடிக்கோட்டின் பெரும்பகுதி நான் மேலே சொன்ன படத்தின் வடகிழக்கு மூலையில் விழுகிறது. அதன் மேல் முக்கோணம், அதன் மேல் இன்னொரு முக்கோணம் என்று கட்டிக்கொண்டே போனார்கள். இமயமலை வரை போன பெரும் முக்கோண அளவையின் முதல் படி இதுதான்.

கோணம் அளக்க அவரிடம் இருந்தது அரை டன் எடையுள்ள தியோடலைட். அதன் கிடைவட்டம் மூன்று அடி அகலம். கணக்குப் போட்டுப் பாருங்க: அந்த வட்டத்தின் சுற்றளவில் ஒரு பாகைக்கு 8 மி.மீ. இடம்தான் கிடைக்கும். ஒரு கலைக்கு 0.13 மி.மீ. தலைமுடி அளவு. அதற்குக் கீழே விகலையைப் படிக்க நுண்ணோக்கி வைத்தார்கள். டிக் மார்க் என்று நாம் இன்று ஒரு வரி நிரலில் போடுவதை, உலோகத்தில் சமமாகக் கீறுவதற்கென்றே அந்தக் காலத்தில் தனி இயந்திரம் செய்தார்கள். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் செய்த வட்டம் பிரிக்கும் இயந்திரம் அப்படிப் பேர் வாங்கியது. கீறல்கள் சமமாக இல்லாவிட்டால் கருவி எவ்வளவு பெரிதாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

1808ல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, தியோடலைட் சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து, நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். எதற்காக அந்தப் பாடு என்றால், நெளிந்தது வெறும் பித்தளை இல்லை. ஒரு பாகைக்கும் அடுத்த பாகைக்கும் உள்ள இடைவெளி நெளிந்துவிட்டது.

பத்து வினாடி

இவ்வளவு கவனமாக அளந்தவர்கள் நாலரை கி.மீ. எப்படித் தப்பினார்கள்? அவர்கள் தப்பவில்லை. முக்கோணங்கள் சொல்வது ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தை. அது சரியாகவே இருந்தது. அதனால்தான் என் ஏரிகள் எல்லாம் ஒரே அளவில் நகர்ந்திருந்தன. தவறியது முளைக்குச்சியின் மேல் எழுதிய எண். நுங்கம்பாக்கம் கிரீன்விச்சிலிருந்து எத்தனை பாகை கிழக்கே இருக்கிறது என்பதைச் சங்கிலியால் அளக்க முடியாது. அதை வானம்தான் சொல்ல வேண்டும்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. 15 பாகைக்கு ஒரு மணி, 15 கலைக்கு ஒரு நிமிடம். ஆகவே சென்னைக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள நேர வித்தியாசம் தெரிந்தால் தீர்க்கரேகை தெரிந்துவிடும். ஒரே கணத்தை இரண்டு ஊரிலும் குறிக்க என்ன வழி? வியாழனின் நிலவு கிரகணத்தில் மறைவதை இரண்டு இடத்திலும் பார்க்கலாம். சென்னையில் கோல்டிங்ஹாம் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் செய்தார். சிக்கல் என்னவென்றால், அந்த நிலவு விளக்கை அணைத்த மாதிரி சட்டென்று மறையாது. மங்கி மங்கி மறையும். தொலைநோக்கி பெரிதாக இருந்தால் கொஞ்சம் அதிக நேரம் தெரியும். சில வினாடிகள் எப்போதும் கைக்கு அடங்காது.

இரண்டரைக் கலையை 15 கலைக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் மாற்றினால் 10 வினாடி. கிரீன்விச்சிலிருந்து பூமியின் கால் சுற்றுக்குச் சற்றுக் குறைந்த தூரம். அதில் பத்தே வினாடி! அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தந்தி வந்த பிறகுதான் இது தீர்ந்தது. கம்பி வழியாக ஒரு சமிக்ஞை, இரண்டு முனையிலும் கடிகாரம். 1890களில் நடந்த தந்தி அளவையில் வானாய்வகத்தின் தீர்க்கரேகை 80 பாகை 14 கலை 50 விகலைக்கு அருகே என்று உறுதியானது. வானாய்வகம் வைத்திருந்த 'மெட்ராஸ் டைம்' கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் என்பதும் இந்த எண்ணிலிருந்து வருவதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நில அளவைத் துறை தன் தீர்க்கரேகைகளைத் திருத்திக்கொண்டது. ஒரு ஊரும் அசையவில்லை, மேலிருந்த கோடுகள் மட்டும் கிழக்கே நகர்ந்தன.

இப்போது நம்ம 80க்கு வருவோம். இன்று அந்தக் கோடு செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குக் கிழக்கே சுமார் 2 கி.மீ. தள்ளி ஓடுகிறது. பழைய தாளில் அது இன்றைய இடத்துக்கு நாலரை கி.மீ. மேற்கே, அதாவது செங்கல்பட்டைத் தாண்டி அந்தப் பக்கம். ஆக, விக்டோரியா காலத்து வரைபடத்தில் செங்கல்பட்டும் கூடுவாஞ்சேரியும் 80க்கு ஒரே பக்கம், இரண்டும் கிழக்கே. திருத்தம் வந்தபோது கோடு ஊரைத் தாண்டிக் குதித்து நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. செங்கல்பட்டு 57லும் நாம் 66லும் போனதற்குக் காரணம் அந்தப் பத்து வினாடி.

ஓரத்தில் இருக்கும் உத்திரமேரூர்

அதே படத்தின் இடது ஓரத்தை மறுபடி பாருங்கள். 79.75 என்ற கோட்டின் மேலேயே, ஒட்டிக்கொண்டு உத்திரமேரூர். குடவோலைத் தேர்தல் விதிகள் பொறித்த முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளுக்காக (919, 921) எல்லாருக்கும் தெரிந்த ஊர். அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது எனக்குத் தேர்தலைவிட ஆச்சரியம்.

நிலத்தை அடையாளம் சொல்கிற முறை அது. ஊரில் வடக்கு தெற்காக ஓடுபவை வதிகள், அதாவது பாதைகள். கிழக்கு மேற்காக ஓடுபவை வாய்க்கால்கள். ஒவ்வொன்றுக்கும் அரசர் பெயரோ தெய்வத்தின் பெயரோ வைத்திருப்பார்கள். ஒரு நிலத்தைக் குறிக்க வேண்டுமானால் இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதுரம் என்று சொல்லுவார்கள். இந்த முறை உத்திரமேரூரில் மட்டும் இல்லை, காவிரிப் படுகையின் பிரமதேய ஊர்களிலும் உண்டு.

இதை வரைபட மொழியில் சொல்லிப் பாருங்கள். வதி ஒரு அச்சு, வாய்க்கால் இன்னொரு அச்சு. கிழக்கா மேற்கா என்பது கூட்டல் கழித்தல் குறி. கண்ணாறும் சதுரமும் டிக் எண்ணிக்கை. கட்டத்தாள் அச்சாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால், ஊரே கட்டத்தாளாக இருந்திருக்கிறது.

ஒரு வித்தியாசம் முக்கியம். அங்கே பூஜ்யக் கோடு எங்கோ கடல் தாண்டி இல்லை. அது நடந்து போகிற பாதை, தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். பத்து வினாடி பிசகி அது நாலரை கி.மீ. நகராது. மறுபக்கம், உத்திரமேரூர்க் கட்டத்தை வைத்துக் கூடுவாஞ்சேரியைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் அதன் அச்சு, அதன் டிக். ஊருக்குள் தகராறு தீர்க்க அது போதும். ஊர்களை ஒன்றாகக் கோக்க வேண்டும் என்றால் நுங்கம்பாக்கத் தூண் மாதிரி ஒன்று வேண்டியிருக்கிறது.

24 எங்கே?

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றலாம். மழைக்காலத்துக்கு வாருங்கள்.

நவம்பர் பிறந்தால் நம் பக்கம் எல்லாருக்கும் ஏரிகளின் நீர்மட்டம் மனப்பாடம். 2015க்குப் பிறகு சொல்லவே வேண்டாம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்குச் செம்பரம்பாக்கம் என்ற பெயரே வயிற்றைக் கலக்கும். அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி.

இப்போது அதன் தினசரி மட்டத்தைக் கம்ப்யூட்டரில் கிராஃபாகப் போடுங்கள். வீச்சு 0 முதல் 24. நாலு துண்டு என்றால் துண்டுக்கு 6. ஆறு அழகில்லை என்று மென்பொருள் அதை 5க்குத் தள்ளும். டிக்குகள் 0, 5, 10, 15, 20, 25. கட்டக்கோட்டைப் போட்டால் 20க்கு ஒரு கோடு, 25க்கு ஒரு கோடு. ஏரி நிரம்பும் 24க்குக் கோடு இல்லை. 23.8ல் நிற்கும் ஒரு புள்ளியைப் பார்க்கிறவருக்கு, மேலே இன்னும் ஒரு அடிக்கு மேல் இடம் இருக்கிற மாதிரி தெரியும், ஏனென்றால் கண் 25ஐத்தான் மூடி என்று எடுத்துக்கொள்கிறது. படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஊருக்கு வேண்டிய ஒரே கோடு அதில் இல்லை.

ஆகவே நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். படம் போட்டதும் தானாக வந்த டிக்குகளை ஒரு தடவை நம்பாமல் பார்ப்பது. மூன்று கேள்வி. இந்தப் பொருளுக்குச் சொந்த அளவு உண்டா? பாகைக்கு 15 கலை, நாளுக்கு 6 மணி நேரம், வருடத்துக்கு 3 மாதம், இப்படி. உண்டு என்றால் அதைப் போடு. தாண்டக் கூடாத, அல்லது தாண்டினால் செய்தியாகிற எண் ஒன்று உண்டா? உண்டு என்றால் அதற்குத் தனிக் கோடு, மற்ற கோடுகளை மெலிதாக்கு. செம்பரம்பாக்கத்துக்கு 0, 6, 12, 18, 24 என்று போட்டால் அழகு குறைந்துவிடாது. மூன்றாவது கேள்வி, பூஜ்யத்தை யார் நட்டது? அதைப் படத்தின் மூலையில் ஒரு வரியில் எழுது. பழைய தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் யாரோ அதை எழுதி வைத்ததால்தான் நூறு வருடம் கழித்து எனக்கு விடை கிடைத்தது. டீச்சர் மார்க் குறைத்ததும் இதற்குத்தான் என்று இப்போது புரிகிறது.

ஏரிகளைப் பற்றிய குறிப்பு அடுத்து வரும். பழைய புள்ளிகளை இரண்டரைக் கலை மேற்கே நகர்த்தியதும் எல்லாம் அதனதன் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டன. கொளவாய் கொளவாயிலேயே இருக்கிறது.

அடுத்த முறை செங்கல்பட்டுக்குப் போகும்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் போனில் ஜிபிஎஸ்ஸைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 80.00 என்பது 79.99 ஆக மாறும். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் மாறாது.